தெற்கிலிருந்து மூன்றாவது கம்பு

“தெக்கேருந்து மூணாவது கம்பு. எண்ணிக்கையை விட்டுறாத!” என்று சொல்லி வரைபடத்தை மகளிடம் கொடுத்தார் சவரிமுத்து.

ஐப்பசி மழையில் பிலோமி படகேறினாள். கூடவே கல்லூரித் தோழி கமலவேணி, சித்தப்பா மகன் ஆல்வின். தேடிப் போனது ஊர்க் கோயில் மாதா சிலையின் வெள்ளி மணிமுடியை! இரண்டு வருடங்களுக்கு முன், திருவிழாவுக்காக அதைத் தகரப் பெட்டியில் வைத்து அப்பாவும் சித்தப்பாவும் கொண்டுவந்தபோது புயலில் படகு கவிழ்ந்தது. வலை கட்டும் கம்பு ஒன்றில் பெட்டியைக் கட்டிவிட்டதாக அப்பா சொன்னார். அப்படி எதையும் கட்டவே இல்லை என்று சித்தப்பா சாதித்தார். கால் உடைந்து கிடந்த அப்பாவை நம்பித் தேடப் போக ஆளில்லை; அவருக்குத் திருடன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அலையாத்திக் காட்டின் நடுவே ஒரு மணல்திட்டில் கூடாரம் அடித்தார்கள்.

“ஒரு வாய் டீ குடிச்சிட்டு எறங்கலாமே?” என்றாள் கமலவேணி.

“டீ குடிக்கவா வந்தோம்? எறங்குங்க!” என்றாள் பிலோமி.

இடுப்பளவு தண்ணீரில் கம்புகள் வரிசையாக நின்றன. தெற்கிலிருந்து எண்ணி மூன்றாவதன் அடியில் மாலைவரை தோண்டினார்கள். சேறும் சிப்பி ஓடும்தான் வந்தன. ‘அப்பா பொய் சொல்லியிருப்பாரோ?’ என்று பிலோமிக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் பார்த்தால் படகைக் காணோம்! வரைபடத்தையும் அரிசிப் பையையும் காணோம். ஆல்வினையும்தான். கூடார வாசலில் இரண்டு பிஸ்கட் பாக்கெட் இருந்தன. எவ்வளவு பெரிய மனசு!

“பெட்டி கெடைச்சா பொய் சொன்னது யாருன்னு தெரிஞ்சிரும்ல. அதான் ஓடிட்டாரு” என்றாள் கமலவேணி.

பிலோமி தண்ணீரை நோக்கி நடந்தாள். சின்ன வயதில் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அவன். “நீந்திப் போயே புடிக்கிறேன்!”

“இந்தச் சேத்துல எறங்குனா நீயே மாட்டிக்குவ. எவனாவது மீன்புடிக்க வருவான். அதுவரைக்கும் பேசாம ஒக்காரு.”

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். மழை கூடாரத்தை அடி அடியென்று அடித்தது. படுதாவில் வழிந்த நீரைப் பிடித்துக் குடித்தார்கள். பிஸ்கட்டைப் பாதி பாதியாகத் தின்றார்கள். முதல் நாள் ஒவ்வொரு மணிநேரமும் அவளைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டாம் நாள் திட்ட வார்த்தை தீர்ந்துபோய், நண்டு வளையையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்கு வெள்ளம் வருமா என்று பார்க்கக் கமலவேணி கரையில் குச்சி நட்டிருந்தாள். அமாவாசை நெருங்க நெருங்க, வற்றும்போது தண்ணீர் இன்னும் இன்னும் கீழே இறங்கியது.

மூன்றாம் நாள் மதியம் பிலோமி துள்ளி எழுந்தாள்.

“கமலா! அங்க பாரு!”

முதல் கம்புக்குத் தெற்கே, சேற்றிலிருந்து இரண்டு முறிந்த கட்டைகள் தலைநீட்டின. பெட்டியைக் கட்டிய பிறகு அதே புயல் முறித்த கம்புகள்! அவற்றையும் சேர்த்து எண்ணினால், இப்போது முதலாவதாக நிற்பதுதான் அப்பா சொன்ன மூன்றாவது.

ஓடினார்கள்! விழுந்தார்கள்! கையாலேயே தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் கயிறு தட்டுப்பட்டது. கயிற்றின் நுனியில் துருப்பிடித்த பெட்டி. உள்ளே கறுத்துப்போன வெள்ளி முடி!

பெட்டியோடு கரையேறியபோது படகுச் சத்தம் கேட்டது. அவர்களை ஊருக்கு அழைத்துப்போக ஆல்வின் திரும்பி வந்திருந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

“எங்கப்பாவுக்காகத்தான் பிலோமி...”

“எனக்கும் அப்பா இருக்காருண்ணே.”

அதே படகில், பெட்டியை மடியில் வைத்தபடி ஊர் வந்து சேர்ந்தாள்.

மாதா கோயில் மணி அடித்தது. திருடன் என்றவர்களே சவரிமுத்துவைத் தோளில் தூக்கினார்கள். சித்தப்பா கூட்டத்தின் கடைசியிலிருந்து நழுவிப் போனார். எல்லோரும் கலைந்த பிறகு பிலோமி அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள்.

“மொத நாள் ஒண்ணும் கெடைக்கலன்னதும் நானும் ஒங்களைச் சந்தேகப்பட்டேம்பா.”

வேறு வழியில்லாமல் திட்டில் மூன்று நாள் பொறுத்திருந்தவள், பெற்றவருக்காக ஒருநாள்கூடப் பொறுத்திருக்கவில்லை. ஆல்வினைத் திட்டிய வார்த்தையெல்லாம் இப்போது அவளையே குத்தியது.

“தெரியும்மா” என்றார் சவரிமுத்து. “நீ படகேறுறப்பவே அதை ஒன் மூஞ்சியில பாத்தேன்.”