கட்டைவிரலுக்கு எட்டாத கடை

பிரிசில்லாவின் அம்மா பகலில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பார். மாலையில் மிச்சத் தோல் துண்டுகளை வாங்கி வந்து குட்டிக் குட்டிப் பைகள் தைப்பார். அழகான பைகள். வாங்கத்தான் ஆளைக் காணோம்.

தையல் மெஷின்கூட இரவல்தான். பக்கத்து வீட்டு ஷஹீன் பானு ஆன்ட்டியுடையது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு ஆர்டராவது வரணும். இல்லன்னா மெஷினை ஷஹீன் அக்காகிட்டயே குடுத்துர்றேன். எத்தினி நாள் இரவல் வச்சினு இருக்கறது?" என்றார் அம்மா.

அண்ணன் ஆல்வின் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பவன். அங்கே லேபில், பெரிய திரையின் முன் உட்கார்ந்து, அம்மாவின் பைகளுக்கு ஓர் இணையதளம் செய்திருந்தான். திறந்தால் பூ உதிரும். பட்டாம்பூச்சி பறக்கும். கல்யாண மண்டப வாசல் தோற்றுவிடும்.

தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை வரை ஒரு ஆர்டரும் இல்லை.

"இந்த ஊர்ல யாருக்கும் ரசனையே இல்ல," என்று ஊருக்காக வருத்தப்பட்டான் ஆல்வின்.

அன்று மாலை, அம்மாவை அழைத்துவர பிரிசில்லா கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். பஸ் நிறையப் பெண்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்திருந்தார்கள். மறு கையில் போன். கட்டைவிரல் மட்டும் திரையில் ஓடியது.

அம்மாவுக்குப் பின்னால், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஷஹீன் பானு ஆன்ட்டி இறங்கினார். "உங்கண்ணன் கடையைக் கலவை ஊர்ல இருக்கற என் தங்கச்சிக்கு அனுப்பினேன் பாப்பா. ஒரே பேஜார்னு மூடிட்டாளாம்."

பிரிசில்லா அம்மாவின் சாப்பாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். ஆல்வினின் இடது கையில் அந்தக் கூடையை மாட்டினாள். வலது கையில் போனைக் கொடுத்தாள்.

"இப்ப உன் கடையில ஒரு பை வாங்குண்ணா."

"இன்னா விளையாட்டு இது?"

"நீ பஸ்ல நிக்கறே. கட்டைவிரல் மட்டும்தான்." அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பள்ளம் வருது!"

எழுத்துகள் எறும்பு அளவில் இருந்தன. பட்டாம்பூச்சி சரியாகப் பையின் படத்தின் மேல் உட்கார்ந்தது. வாங்கும் பொத்தானைக் காணோம். ஆல்வின் தேடித் தேடி இழுத்தான். அது திரைக்கு வெளியே, குடியாத்தம் பக்கம் எங்கோ போயிருந்தது.

"லேப்ல நல்லாத் தெரிஞ்சுதே!"

"அந்தத் திரையைத் தூக்கினு யார்ணா பஸ்ல போறாங்க?"

ஆல்வின் சட்டைக் காலரை இறக்கிவிட்டுக்கொண்டான். அவனுக்கு அது பெரிய சாதனை.

மறுநாள் இருவரும் கடையைப் பிரித்து மேய்ந்தார்கள். பிரிசில்லா போனைக் கையில் பிடித்து, தன் கட்டைவிரல் எட்டும் இடத்தைக் காட்டினாள். அங்கேதான் பொத்தான் வந்தது, பன்ரொட்டி மாதிரி பெரிதாக. பெயர், ஊர், போன் நம்பர் கொடுத்தால் போதும்.

"பட்டாம்பூச்சி?" என்று கெஞ்சினான் ஆல்வின்.

"பறக்கட்டும்ணா. வெளியே."

அன்றிரவே புதுக் கடையை மறுபடி எல்லோருக்கும் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா மெஷினைத் துடைத்து, துணி போட்டு மூடினார். ஷஹீன் பானு ஆன்ட்டி வந்தார். அப்போது ஆல்வினின் போன் டிங் என்றது.

"கலவையிலேர்ந்து ரெண்டு பை!"

"என் தங்கச்சிதான்!" என்றார் ஆன்ட்டி.

மறுபடியும் டிங். இந்த முறை அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து.

"அணைக்கட்டுல நமக்கு யாருமே இல்லியே!" என்றார் அம்மா.

ஆன்ட்டி துணியை உருவி எறிந்தார். "பின்ன, இத்தினியும் கையாலயா தைப்பே? உக்காரும்மா!"

மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஆல்வின் மஞ்சள் நூல்கண்டோடு மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"பை மேல ஒரு பட்டாம்பூச்சி தைக்கலாமா?"

"தைக்கலாம்ணா," என்றாள் பிரிசில்லா. "பறக்காம உக்காந்திருந்தா சரி."