ஏழாம் தொட்டி

முப்பத்தோராம் நாள், காலை பதினொன்றே முக்கால். ஏழாம் தொட்டியில் ஒரு குஞ்சுகூட நீந்தவில்லை.

எல்லாம் அடியில் ஒருக்களித்துக் கிடந்தன. நாக்குமீன் குஞ்சு பிறக்கும்போது மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு. தொண்டையில் தைராய்டு சுரப்பி உருவாகி வேலையைத் தொடங்கியதும் ஒரு கண் மண்டையைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். மீன் படுத்துவிடும். ஏழாம் தொட்டியில் அது நடக்கக் கூடாது. சுரப்பியை வளரவிடாத புது மருந்தை முட்டை பொரிந்த நாள் முதல் ஆராய்ச்சி மாணவியான அவள்தான் ஊற்றினாள். ஒரு வேளை தவறவில்லை. அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி அது.

"மருந்து போடலைன்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு," என்றார் ஆய்வகத் தலைவர், கதவோரம் நின்று, சுவரைப் பார்த்து.

"போட்டேன் சார்."

"போட்டா ஏன் படுக்குது? உன்ன மாதிரி அதுக்கும் தூக்கம் வந்துடுச்சா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதைக்கூட மனிதர் முகம் பார்த்துத் திட்டவில்லை. இரண்டு நாளாக இப்படித்தான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு வருவார், போவார்.

"கழுத்துச் சுளுக்காம்," என்றாள் தொட்டி கழுவும் அக்கா, அவர் போனதும். "திமிருதான் சுளுக்கிக்கிச்சு போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு குஞ்சுகளை எடுத்துச் சாயமேற்றினாள். மூன்று மணிக்கு நுண்ணோக்கியில் பார்த்தாள். சுரப்பி இருக்க வேண்டிய இடம் நான்கிலும் வெறுமையாக இருந்தது. மருந்து வேலை செய்திருக்கிறது. ஆனாலும் கண் நகர்ந்திருக்கிறது. சுரப்பி இல்லாமலே, தண்ணீரில் இருந்த ஏதோ ஒன்று நகர்த்தியிருக்கிறது.

கண்ணாடித் தகட்டோடு குஞ்சு அறைக்குப் போனாள். ஜன்னலில்லாத அந்த அறையில் ஒற்றை நீல விளக்கு எரிய, காற்றுக்குழாய்கள் ஓயாமல் கொப்பளிக்க, பாசியும் உப்பும் கலந்த வாடை ஈரத்துணி போல மூக்கில் ஒட்ட, அவர் ஏழாம் தொட்டிமேல் குனிந்து நின்றார். விரலை முக்கினார். நக்கினார். உப்பு பார்க்கிறார். கருவியை அவர் நம்பியதே இல்லை. எல்லாத் தொட்டியிலும், தினமும், நாக்குதான். மருந்துத் தண்ணீர் என்று முதல் வாரமே அவள் சொன்னாள். "எனக்கே பாடமா?" என்றார்.

மறுபடி முக்கினார். நக்கினார். இப்போது உள்ளங்கையால் அள்ளி.

"சுரப்பியே இல்ல சார். நீங்களே பாருங்க."

அவர் திரும்பவில்லை.

"திருடி மாதிரி நிக்க வச்சுப் பேசறீங்க. முகத்தைப் பார்த்துப் பேசுங்க சார்."

கொப்பளிக்கும் சத்தம். அடியில் கிடந்த குஞ்சுகள். அத்தனை கண்ணும் மேலே, அவரைப் பார்த்து.

தொட்டிக் கண்ணாடியில் அவருடைய இடது பக்கம் தெரிந்தது.

புருவம். அதற்குக் கீழே வழவழவென்று தோல். இமை இல்லை. குழிகூட இல்லை.

தொப்பிக்கு அடியில் ஏதோ நகர்ந்தது.

அவர் முழங்கால்கள் மடங்கின. ஈரத் தரையில் இடது கன்னத்தை வைத்து, மெதுவாக, வசதியாகப் படுத்தார். தொப்பி கழன்றது.

வலது பக்கத்திலேயே இரண்டு கண்கள். இரண்டும் அவளைப் பார்த்தன.

"பார்த்துட்டேன். இப்ப சொல்லும்மா. மருந்து போட்டியா?"