பனி வந்து அரை மணி நேரத்தில்

1998 நவம்பர் பத்து, செவ்வாய்க்கிழமை, காலை 11.20. ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் லூர்துராஜ் நடத்தும் தட்டச்சுப் பயிலகத்தில், வந்து ஒன்பது நாளே ஆன புத்தம்புதுக் கம்ப்யூட்டர் நான்காவது முறையாக உயிரை விட்டது.

திரையில் ‘வாகனங்களை இங்கே நிறுத்த’ என்பதுவரை வந்திருந்தது. அதற்கு மேல் ஓர் எழுத்தும் வரவில்லை. மவுஸை எப்படி உருட்டினாலும் அம்புக்குறி அசையவில்லை. கீபோர்டில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பதில் இல்லை.

“நோட்டீஸை அதுவே படிச்சுப் பாத்துட்டு நின்னுக்கிச்சாட்ட இருக்குது” என்றார் முத்தாயி.

முத்தாயி ஏற்காடு காவல் நிலையத்தின் தலைமைக் காவலர். ஊருக்கு ஏட்டம்மா. நிலையத்து வாசலில் ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்பு அடித்து வாங்க வந்திருந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அது இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். ஆனால் காணாமல் போன மாடு, களவு போன மிளகு மூட்டை, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப்போன மாப்பிள்ளை என்று பதினெட்டு வருஷமாகத் தேடிப் பிடித்துக்கொண்டிருப்பவர்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த இன்பமேரி சிரிக்கவில்லை. சேலத்தில் ஆறு மாதம் படித்து, பாகம் பாகமாக வாங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தன் கையால் முடுக்கிய இயந்திரம் அது. கண்ணில் தண்ணீர் நின்றது.

உள்ளேயிருந்து அவளுடைய சித்தப்பா லூர்துராஜ் வந்தார். திரையைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

“சனிக்கிழமை மொத பஸ்ஸுல கோயில் நூற்றாண்டு மலரு சேலத்து அச்சாபீஸுக்குப் போயாகோணும். நாப்பத்தெட்டுப் பக்கம். நீ முடிச்சது பதினாறு. மலரு போகலீன்னா இந்த மிஷினு அதே பஸ்ஸுல போவுது. நீ பேசாம பழையபடி டைப் மிஷினுல உக்காந்துக்க. பொம்பளப்புள்ள ஸ்க்ரூ பூட்டுனா இப்படித்தான்னு ஊரே பேசுது கண்ணு. நான் என்ன பண்ணட்டும்?”

காக்கிச் சட்டை போட்ட முதல் வருஷத்தில் முத்தாயி கேட்காத பேச்சா இது! பொம்பள போலீசு திருடனைப் பிடிப்பாளா, திருடன் போலீசைப் பிடிப்பானா என்று சந்தையில் நின்று சிரித்தவர்கள் உண்டு. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

“ஏனுங்க, இந்தக் கேஸை நான் எடுத்துக்கறனுங்க.”

“கேஸா? இதுக்கா?”

“நாலு தடவ நடந்துருக்குது. நாலும் பகல்ல. ஆளுக இருக்கையிலயே. கேஸில்லாம என்னங்க?”

மணி 11.35. முதல் விசாரணை, இன்பமேரி.

“நிக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சத்தம்?”

“இல்லீங்க ஏட்டம்மா. அப்படியே உறைஞ்சுரும்.”

“அப்புறம்?”

“ஆஃப் பண்ணிப் போட்டா ஓடுங்க. பத்து நிமிஷம். மறுபடியும் நின்னுரும்.”

“மொதத் தடவ அரை நாள் ஓடிட்டு நிக்குமா?”

“அதுக்கு ஒரு கணக்கே இல்லீங்க. நாள் பூரா ஓடுனதும் உண்டு.” அவள் ஒரு நோட்டை நீட்டினாள். நின்ற நாள், நேரம், அன்றைய வானிலை எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருந்தன. முத்தாயிக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போனது. அவருடைய நிலையத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதுவதில்லை.

மூன்றாம் தேதி, செவ்வாய்: பத்து மணிக்கு மூடுபனி, 10.30-க்கு நின்றது. புதனும் வியாழனும் நல்ல வெயில், நிற்கவே இல்லை. ஏழாம் தேதி, சனி: மதியம் மூன்று மணிக்குப் பனி, 3.35-க்கு நின்றது. நேற்று, திங்கள்: ஒன்பதரைக்குப் பனி, பத்துக்கு நின்றது. இன்று 10.50-க்குப் பனி, 11.20-க்கு நின்றது.

“பனி வந்து அரை மணி நேரம்” என்றார் முத்தாயி. “இடையில வெள்ளிக்கிழமைய விட்டுட்டியே சாமி?”

“அன்னைக்குக் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பனிதானுங்க. ஆனா மிஷினு நிக்கவே இல்ல. நொம்ப நல்லா ஓடுச்சு. எனக்குத்தான் கையெல்லாம் வெறைச்சுப் போச்சு. நானே கூட்டி, நானே தண்ணி புடிச்சு, டீயும் நானே போய் வாங்கிட்டு வந்தேன்.”

முத்தாயி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு இடத்தைப் பார்வையிட்டார்.

இந்தக் கட்டடம் முன்பு காப்பிக்கொட்டை வாங்கும் டிப்போவாக இருந்தது. நடுவில் பலகைத் தடுப்பு. அதில் அந்தக் காலத்தில் மூட்டை தள்ளிய ஒரு சதுரத் திறப்பு. பயில வரும் பிள்ளைகள் வயரில் கால் இடறக் கூடாது என்று இன்பமேரி கம்ப்யூட்டர் கேபினட்டை அந்தத் திறப்பில் பொருத்தியிருந்தாள். முகம் பயிலகத்துப் பக்கம், முதுகு தடுப்புக்குப் பின்னால் உள்ள தாள் அறைப் பக்கம். தாள் அறைக்குப் போகும் கதவைத் தள்ளினால், ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கிரீச்சிட்டது. உள்ளே டிப்போ காலத்துப் பழைய காப்பிச் சாக்கு ஒன்றிரண்டு, கண்ணாடி உடைந்த ஒரு சன்னல். பனி தாராளமாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

“இந்த ஈரந்தாங்க காரணம்னு மெக்கானிக்கு சொல்றாரு” என்றார் லூர்துராஜ். “அதோட எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்குது.” குரலைத் தாழ்த்தினார். “சுப்பிரமணி.”

சுப்பிரமணி இருபத்திரண்டு வருஷமாக அங்கே தட்டச்சு வாத்தியார். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதன் பக்கம் முகத்தைத் திருப்பாதவர். விசாரணை நடந்தது.

“மிஷினு மேல கோவமா?”

“ஆமாங்க. என் மிஷினுக ஒரு நாளும் நின்னதில்ல.”

“தொட்டீங்களா?”

“செருப்பக் கழட்டிட்டுத்தான் அங்க போவோணும்னா நான் எதுக்குங்க போறேன்? நம்ம குளிருக்கு!” அவர் கால்களைப் பார்த்தார் முத்தாயி. இரண்டு ஜோடி காலுறை. ஆளை விட்டுவிட்டார்.

கடைசியாகப் பாவாயி. கூட்டிப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைக்கும் அம்மாள். முன்பு ஓர் எஸ்டேட்டில் இருபது வருஷம் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் வேலை. வேலை இல்லாத நேரத்தில் தாள் அறையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

“பாவாயக்கா, மிஷினத் தொட்டீங்களா?”

“ஐயோ சாமி! ஒரு நாளும் தொட்டதில்லீங்க. தொடக்கூடாதுன்னு பாப்பா சொல்லிருக்குது.” தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அது உண்மை என்று முத்தாயிக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு சின்னதாகச் சொல்ல மாட்டார்கள்.

மணி 12.40. மூன்று கடை தள்ளி உள்ள டெலிபோன் பூத்திலிருந்து முத்தாயி சேலத்து மெக்கானிக் மரியஜோசப்புக்குப் போன் போட்டார்.

“கம்ப்யூட்டர் எதனாலயெல்லாம் நிக்குமுங்க?”

“கரண்ட்டு ஏறி எறங்குனா நிக்கும். அதுக்கு ஸ்டெபிலைசர் இருக்குது. வைரஸ் இருந்தா நிக்கும். அதையும் பாத்துட்டேன். மெமரி மாத்தியாச்சு.”

“வேற?”

“சூடானா நிக்கும். சூட்டை வெளிய தள்ளத்தான் முதுகுல ஃபேன் இருக்குது. ஆனா அது இதுக்கில்லீங்க. என் கடை தகரக் கூரை. அதுல மூணு நாள் விடாம ஓடுன மிஷினு உங்கூர்க் குளிருலயா சூடாகப் போவுது? நானும் போன வியாழக்கெழம வந்து ஒரு நாள் முச்சூடும் பாத்தேன், நிக்கவே இல்ல. ஈரமாத்தான் இருக்கோணும். இல்லாட்டி அந்தப் புள்ள பூட்டுனது சரியில்ல.”

முத்தாயி போனை வைத்துவிட்டு வெகு நேரம் பூத்துக்குள்ளேயே நின்றார். வெளியே காத்திருந்தவர் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தார்.

புதன்கிழமை நல்ல வெயில். இன்பமேரி காலையில் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழவில்லை. பன்னிரண்டு பக்கம் முடிந்தது. மிச்சம் இருபது.

வியாழக்கிழமை காலை 9.40. ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி வந்தது. எதிர்க்கடைப் பலகை மறைந்தது. முத்தாயி செருப்பைக் கழற்றிவிட்டு இன்பமேரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

“பக்கத்துக்குப் பக்கம் சேவ் பண்ணிக்க கண்ணு. நின்னாலும் பயப்படாத.”

10.12. அம்புக்குறி நின்றது. இன்பமேரியின் தோள் தளர்ந்தது.

“லூர்துராஜண்ணா, மாஸ்டர், ரெண்டு பேரும் எங்கூட வாங்க” என்று எழுந்தார் முத்தாயி. “குத்தவாளி தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்குது. நாம போய்ப் பாத்தா மிஷினுக்குப் பின்னால ஒண்ணுமே இருக்காது. ஆனா ஒரு சாக்கு இருக்கும். அது கதகதன்னு இருக்கும்.”

கதவு கிரீச்சிட்டது. தாள் அறையில் பாவாயி மரியாதையாக ஒதுங்கி நின்றிருந்தாள். கேபினட்டின் முதுகில் ஒன்றுமில்லை.

“ஒண்ணையும் காணமே” என்றார் லூர்துராஜ்.

“பாவாயக்கா, கக்கத்துல என்னங்க?”

“சாக்குங்க.”

நான்காக மடித்த காப்பி மூட்டைச் சாக்கு. முத்தாயி அதை வாங்கி லூர்துராஜின் கையில் வைத்தார். மூச்சு விட்டால் புகை வருகிற அந்தக் குளிரில், சாக்கு அடுப்பங்கரையிலிருந்து எடுத்ததுபோல் கதகதவென்று இருந்தது. லூர்துராஜ் திடுக்கிட்டு அதைக் கீழே போட்டுவிட்டார்.

“ஈரந்தான் குத்தவாளின்னா வெள்ளிக்கெழம மட்டும் எதுக்கு விட்டு வெச்சுது?” என்று கேட்டார் முத்தாயி. “நாள் பூரா பனி, நாள் பூரா மிஷினு ஓடியிருக்குது. அன்னைக்கு இங்க இல்லாதது எது? இன்பமேரியே சொல்லுச்சு, நாம யாரும் காதுல வாங்கல. அதுவே கூட்டுச்சாம், அதுவே தண்ணி புடிச்சுதாம். அப்படின்னா பாவாயக்கா லீவு.”

“கிளியூருல தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்துங்க” என்றாள் பாவாயி, ஒன்றும் புரியாமல்.

“பூட்டுனது கோளாறுன்னா வெயில் நாள்லயும் நிக்கோணும். நிக்கல. பின்ன, ஆஃப் பண்ணிப் போட்டா மொதத் தடவ மாதிரி அரை மணி ஓடாம பத்தே நிமிஷத்துல நிக்குதே, ஏன்? ஏற்கெனவே சூடாயிருச்சு, ஆற நேரம் இல்ல. மெக்கானிக்கு சூட்டை மொதல்லயே தள்ளிட்டாரு. ஊரு குளிரா இருந்தா மிஷினும் குளிராத்தான் இருக்கும்னு கணக்குப் போட்டாரு. கம்பளிக்குள்ள இருக்கறவனுக்கு வெளிக் குளிரு என்னங்க தெரியும்? உள்ள இருக்கற ஃபேன் சூட்டை வெளிய தள்ளுற ஓட்டை முதுகுலதான இருக்குது. அதை மூடிப்புட்டா?”

எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள்.

“களத்துல பனி எறங்குனா மொத வேலை கொட்டைய மூடறதுதானுங்க” என்றாள் அவள். “ஒரு வாட்டி பனி பட்டுச்சுன்னா வருஷத்துப் பாடே போச்சு. இந்தச் சன்னல்ல பனி நேரா இது மேலதான் வந்து எறங்குது. பாப்பா ராத்திரி பகலாப் பாடுபட்டு ஒண்ணொண்ணா பூட்டுச்சாம். அது வீணாப் போகலாமுங்களா? அதான் சாக்கப் போடுவேன். வெயில் வந்தா எடுத்துருவேன். யாராச்சும் பாக்க வந்தாலும் எடுத்துருவேன், மறைக்கக் கூடாதுல்லங்க. மிஷின நான் தொடவே இல்லீங்க சாமி. வேலைய விட்டு எடுத்துராதீங்க.”

இன்பமேரி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு பாவாயியைக் கட்டிக்கொண்டாள். “என் கை கோளாறில்ல, இல்லீங்களா ஏட்டம்மா?” என்று அந்தத் தோளுக்கு மேலாகக் கேட்டாள்.

“உன் கைல ஒரு கோளாறும் இல்ல கண்ணு. இந்தக் கொடுமைய அஞ்சு தடவ தாங்கிக்கிட்டு மறுபடி மறுபடி எந்திரிச்சு ஓடிருக்குதே, எவ்வளவு கெட்டியாப் பூட்டிருப்ப!”

லூர்துராஜ் தொண்டையைக் கனைத்தார். சுப்பிரமணியின் முகத்தைப் பார்க்காமல், “மாஸ்டர், டீ சாப்பிடறீங்களா?” என்றார். சுப்பிரமணி விவரமான ஆள். டீயோடு இரண்டு பன்னும் சொன்னார்.

அன்று மதியமே உடைந்த சன்னலுக்குப் பலகை அடித்தார்கள். பிறகு பனி வந்தது, போனது, மறுபடி வந்தது. கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 5.50-க்கு நாற்பத்தெட்டாவது பக்கம். அதில் மலர்க்குழுவின் பெயர்களெல்லாம் முடிந்து இரண்டு வரி இடம் மிச்சம் இருந்தது.

“அதுல என்ன போடறது சித்தப்பா?”

லூர்துராஜ் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “போடு. பக்க அமைப்பு, ரா. இன்பமேரி. அடுத்த வரி. கணினியைப் பூட்டியவரும் அவரே.”

அவள் விரல்கள் அந்த வரியில் இரண்டு தடவை தப்பாக அடித்தன. அப்போது தடுப்புக்குப் பின்னாலிருந்து பாவாயியின் அதட்டல் கேட்டது.

“மாஸ்டர்! எடுங்க அதை!”

கேபினட் முதுகிலிருந்து வருகிற வெதுவெதுப்பு சுப்பிரமணிக்குப் பிடித்துப்போய்விட்டது. ஈர ஸ்வெட்டரை உலர்த்த அதன் மேல் போட்டிருந்தார். பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முத்தாயி நேற்று இரண்டாவதாக அடித்து வாங்கி, நிலைய முத்திரையும் குத்தி, அங்கே ஒட்டிவிட்டுப் போன தாளில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். அதன் மேல் விரலை வைத்து, ஒரு சொல் விடாமல் வாத்தியாருக்குப் படித்துக் காட்டினாள்.

“இங்கே எதையும் போர்த்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.”