ஒன்பதேகாலுக்கு மந்தமாகும் இயந்திரம்

லூர்துசெல்வி கடைக்குள் வந்த வேகத்தில் மேசையிலிருந்த ஸ்க்ரூடிரைவர்கள் உருண்டன. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கோபம் அது.

"சார், மெஷினை நான்தான் கெடுத்துக்கினு இருக்கேன்னு முதலாளி பத்து பேரு முன்னால சொல்லிட்டாரு. எதிர்க் கம்பெனிக்காரன் என்னை ஏவி விட்டானாம். சாயந்தரம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாராம்!"

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் பாண்டுரங்கன் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய உதவியாளர் சகாய பிரியா அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

அவள் வேலை செய்யும் நிலக்கடலை ஆலையில் சொத்தையைப் பிரிக்கும் இயந்திரம் அது. கேமரா பார்க்கும், உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினிப் பலகை முடிவு செய்யும், காற்று சொத்தையை ஊதித் தள்ளும். சில வாரங்களாகப் பலகை மந்தமாகி, சொத்தையெல்லாம் நல்ல மூட்டையில் விழுகிறது.

"எப்பலேர்ந்து?" என்றார் பாண்டுரங்கன்.

"ஆயுத பூஜைக்கு அப்புறம். ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா ஓடுது. அன்னிக்கு நான் மாதா கோயிலுக்குப் போயிடுவேன், கூட வேலை செய்ற கலைமதி மெஷினைப் பார்த்துக்குவா. அதனால நான்தானாம்."

"ஞாயித்துக்கிழமை முதலாளி வருவாரா?"

"வரமாட்டாருங்க. கண்டாச்சிபுரத்துல நெலத்தைப் பார்க்கப் போயிடுவாரு."

பாண்டுரங்கன் சட்டையை மாட்டிக்கொண்டு, பிரியாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆலையில் முதலாளி சீனுவாசன் கத்திக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் புகார்க் கடிதம் தயாராக எட்டிப் பார்த்தது. இயந்திரத்துக்கு மேலே முருகன் படத்தைச் சுற்றிச் சீரியல் விளக்கு சிவப்பும் பச்சையுமாக எரிந்தது.

"சூடு ஏறினா பலகை வேகத்தைக் கொறைச்சுக்கும் சார். அதான் இது!" என்று பிரியா பாய்ந்தாள். திரையில் பார்த்தால் வெப்பம் நாற்பத்தெட்டு டிகிரிதான்; பலகைக்கு அது சூடே இல்லை. ஆனால் நொடிக்கு நூற்றிருபது கோடி முறை துடிக்க வேண்டிய பலகை, அறுபது கோடிதான் துடித்தது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு மின்னல் குறி.

"அது கரண்டு பத்தலைன்னு வர்ற குறி," என்ற பாண்டுரங்கன் மீட்டரை வைத்தார். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலரைதான் இருந்தது. பிறகு பலகை தானாக எழுதி வைத்திருந்த பதிவுகளைப் படித்தார்.

"தெனமும் எட்டு மணிக்கு மெஷினை யாரு போடுறது?"

"நான்தாங்க," என்றாள் லூர்துசெல்வி.

"ஒன்பதேகால் வரைக்கும் முழு வேகம். அப்புறம்தான் பாதியாவுது. கெடுக்க நெனைக்கிறவங்க ஒண்ணேகால் மணி நேரம் எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்? சரி, ஒன்பதேகாலுக்கு இங்க யாரு வர்றாங்க?"

வேலையாட்கள் பத்துப் பேரும் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும்.

"நான்தான் வர்றேன். அதுக்கென்ன?" என்று சீனுவாசன் எகிறினார்.

"வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"சாமி கும்பிட்டு, வெளக்கைப் போடுவேன். ஆயுத பூஜைக்கு மாட்டினது. வேற எவளும் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பாண்டுரங்கன் விளக்கின் ஒயரை விரலால் தொடர்ந்தார். அது படத்தின் பின்னால் இறங்கி, நேராகக் கணினிப் பலகையில் போய்ச் செருகியிருந்தது. அதைப் பிடுங்கினார். மின்னல் குறி மறைந்தது. வேகம் நூற்றிருபது கோடிக்கு ஏறியது.

"சாமி மேல குத்தமில்லைங்க. பலகைக்கு வர்ற கரண்டை வெளக்கு பிடுங்கிக்குது. வோல்ட் எறங்கினா அணைஞ்சு போயிடக்கூடாதுன்னு பலகை தன் வேகத்தைப் பாதியாக்கிக்குது. லூர்துசெல்வி வராத ஞாயித்துக்கிழமையைக் கணக்குல எடுத்தீங்க, நீங்க வராததை எடுக்கல. கண்ணை மூடிக்கினு ஒருத்தங்க மேல பழி போட்டுட்டீங்களே, வெக்கமா இல்ல?" நிதானமான மனிதரே குரலை உயர்த்திவிட்டார்.

சீனுவாசன் கடிதத்தை எடுத்துக் கசக்கினார். "சரி சரி, நாளைக்கு வேலைக்கு வா."

"வேலை இருக்கட்டும். நான் எதுவும் செய்யலைன்னு சொல்லுங்க," என்றாள் லூர்துசெல்வி.

அவர் சுவரைப் பார்த்து ஏதோ முனகினார்.

"கேக்கலைங்க. திட்டும்போது ரோட்டுல போறவனுக்குக்கூடக் கேட்டுது. அதே சத்தத்துல சொல்லுங்க."

சீனுவாசன் தொண்டையைக் கனைத்தார். "லூர்துசெல்வி எதுவும் செய்யல. தப்பு என்னுது," என்று ஆலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அவள் அப்போதும் சிரிக்கவில்லை.