சாம்பிராணி காட்டிய சென்சார்கள்

அமோனியா பாட்டிலின் மூடியைத் திறந்து, பொத்தான் அளவே இருந்த சென்சாரின் அருகில் கீதா பிடித்தாள். பச்சை விளக்கு சிவப்பாக மாறவில்லை.

துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். கண்ணில் நீர் கட்டும் அளவுக்கு அவளுக்கே நெடி ஏறியது, அந்தச் சனியன் மட்டும் அசையவில்லை. கணபதிப் பகுதியில் இருந்த அந்தப் பட்டறையின் தகரக் கூரைமேல் ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து லேத்தின் இரைச்சலும் நின்றுபோயிருந்தது, உருகிய ஈயத்தின் வாசத்துக்கு அடியில் ஆயுத பூஜைக்குப் போட்ட சாம்பிராணி இன்னும் லேசாக மணத்தது.

சாம்பிராணி! பாட்டிலை இறுக்கி மூடிவைத்தாள்.

ராக்கெட் எரிபொருள் ஏற்றிப்போகும் கப்பலுக்கான சென்சார்கள் அவை. அந்த எரிபொருளான ஹைட்ரசீன் கசிந்து, அதன் மீன் நாற்றம் மனிதன் மூக்குக்கு எட்டும்போது காரியம் கைமீறியிருக்கும். அதற்கு முன்பே கத்தத்தான் இந்தக் குட்டிச் சாமான்; அமோனியா பட்டாலும் அது சிவப்பாக வேண்டும். ஆனால் பூஜை போடாமல் எந்தச் சரக்கும் இந்தப் பட்டறைப் படியைத் தாண்டாது. ஆயுத பூஜையன்று முதலாளி பாலுசாமி எல்லாப் பெட்டிகளையும் திறந்துவைத்துப் புகை காட்டினார். மூடிவைத்துக் காட்டலாமே என்று கீதா கேட்டதற்கு, "சாமி புகை என்ன அம்மணி செஞ்சுபோடும்?" என்று சிரித்தார். உள்ளே வாயுவை உணரும் மெல்லிய பூச்சு அந்தப் புகையைக் குடித்தே செத்திருக்கிறது. மிச்சம் வைத்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கப்பலில். அதே கப்பலில்தான் அவள் தம்பி அங்கப்பனும் இருக்கிறான்.

"ஏனுங்க மொதலாளி, ஒன்னுமே வேலை செய்யாதுங்க! கப்பலுக்குச் சொல்லோணுமுங்க, என்ற தம்பி அதுல இருக்கானுங்க!"

பாலுசாமி ஓடிவந்து போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பட்டறை போன் மழைக்குச் செத்துக் கிடந்தது.

"எஸ்டிடி பூத்துக்குப் போயிட்டு வாரேன். தொறமொகத்துல சொல்லிப்போடலாம். அழுவாத அம்மணி."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினார். கப்பல் முந்தாநாளே கிளம்பிவிட்டது என்று இருவருக்கும் தெரியும்.

கரண்ட் போனது. பேட்டரியில் ஓடிய சென்சார் மட்டும் மேசைமேல் பச்சையாக எரிந்தது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. சந்தை முடிந்து கழுவாமல் விட்ட மீன்கடை மாதிரி, முதலில் தரையோரமாக, பிறகு முழங்கால் உயரத்துக்கு, பிறகு தொண்டைக்குள்ளேயே. பாட்டிலைத் தடவிப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருந்தது.

வெளியே ஈரக் கால்கள் இழுபடும் சத்தம். நின்றது.

"அக்கா."

அங்கப்பன் குரல்.

"மூச்சு முட்டுதுக்கா. தொறங்கக்கா."

"ஏஞ்சாமி! வந்துட்டயா கண்ணு?"

எப்படி வந்தான் என்று கேட்கத் தோன்றவில்லை. உயிரோடு இருக்கிறான், அது போதும். ஓடினாள். ஷட்டரை மேலே தள்ளினாள்.

மழையில் நின்றான். உதடு நீலம். திறந்த வாய்க்குள் மழை விழுந்தது. அவன் விழுங்கவில்லை.

அவனுக்குப் பின்னால் ஆட்கள். கப்பல்காரர்களின் வெள்ளை உடுப்பு. தோளோடு தோள். சந்து முழுக்க. எல்லா வாயும் திறந்திருந்தது.

ஒரு நெஞ்சும் ஏறி இறங்கவில்லை.