தட்டு மாற்றும் வரை

கமலவேணியின் முந்தானையில் குத்த எடுத்த ஊக்கு மருதாசலத்தின் விரலிலிருந்து நழுவியது. கீழே விழவில்லை. அவள் இடது மார்பில், பட்டுச் சேலையின் மேல், குத்தாமலே ஒட்டிக்கொண்டு நின்றது.

அறுவைக்குப் பின் மனைவியின் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. வேறு பெண்கள் கண்டுவிடக் கூடாதென்று அவரே சேலை கட்டிவிட்டார். ஊக்கை இழுத்தார். அடம்பிடித்துத்தான் வந்தது.

அந்த மார்பைப் புற்று நான்கு மாதத்துக்கு முன் கொண்டுபோனது. அதற்கு மேலே, தோலுக்கடியில், ஆறு வருடமாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இதயம் தறிகெட்டு ஓடினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துத் திருப்பும் பெட்டி. இரண்டில் எது வெளியே தெரிந்தாலும் மகள் நர்மதாவை யார் கட்டுவார்கள்? தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்பார்கள். நிச்சயத்தன்று மனைவி சபையில் குறையோடு நிற்கக் கூடாதென்று, மார்பைத் திரும்ப எழுப்ப ஈரோட்டுக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். “எனக்கெதுக்குங்க இனி இதெல்லாம்?” என்று அவள் ஒரு முறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

சதையை விரிக்க உள்ளே வைக்கும் பையில் காந்தம் உண்டு, காந்தம் அருகில் இருந்தால் இதயப் பெட்டி வேலையை நிறுத்திவிடக்கூடும், காந்தமில்லாத பையும் கிடைக்கும், எதற்கும் இதய மருத்துவரைக் கேட்டு வாருங்கள் என்றார் ஈரோட்டு மருத்துவர். ஆனால் பெட்டி வைத்த இதய மருத்துவமனையில்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன் தனபால் வேலை பார்க்கிறார். மருதாசலம் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. அடுத்த வாரம் ஈரோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: “கேட்டுட்டனுங்க. எதை வெச்சாலும் ஒண்ணும் ஆவாதுன்னுட்டாங்க.”

குமாரபாளையத்தில் அவர் வாய்ச்சொல்லை நம்பியே கடனுக்கு நூல் மூட்டை இறங்கும். மருத்துவரும் நம்பி எழுதிக்கொண்டார். காந்தப் பையே உள்ளே போனது.

இன்று நிச்சயத்துக்காக வீட்டை ஒட்டிய பட்டறையில் பன்னிரண்டு தறியும் நின்றிருந்தன. சுவரையும் பாத்திரத்தையும் வருடக்கணக்காக அதிரவைத்த ஓசை போனதும் வீட்டுக்குக் காது திறந்தது போலிருந்தது. கொல்லையில் பருப்பு கொதிப்பதும், கூடத்தில் வளையல்கள் உரசுவதும், மல்லிகை வாசனையைச் சுற்றி ஈ ஒன்று பறப்பதும் தனித்தனியாகக் கேட்டன. அவற்றுக்கும் அடியில், ஊசிமுனை போல, ஒரு கீச்சு. மறுபடி ஒரு கீச்சு.

“ஏனுங்க,” என்றாள் கமலவேணி. “எனக்குள்ளார இருந்து வருதுங்க.”

மணிக்கட்டைப் பிடித்தார். நாடி ஒரு முறை துடிக்க, சத்தம் ஒரு முறை. எத்தனை நாளாக இது ஒலிக்கிறது, தறிச் சத்தத்துக்குள்? பெட்டியிலிருந்து சத்தம் கேட்டால் உடனே வரச்சொல்லி, அதை வைத்தபோதே ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். பெண் பார்க்க வருமுன்பே அந்தக் கையேட்டை எரித்திருந்தார்.

“நெஞ்சு ஒரு மாதிரி வருதுங்க. ஆஸ்பத்திரி போயிரலாங்களா?”

“தட்டு மாத்துற வரைக்கும் பொறுத்துக்க சாமி.”

அவள் தலையாட்டினாள். எப்போதும்போல. கட்டிலில் படுக்கவைத்து, சத்தம் அமுங்கட்டுமென்று, சித்திரைப் புழுக்கத்திலும் கழுத்துவரை கம்பளியைப் போர்த்தினார். கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டார்.

கூடத்தில் பேச்சு. சிரிப்பு. சந்தனம். அந்தச் சத்தம் கதவுக்கு அடியில் ஊர்ந்து வந்தது. கேட்பது தனக்கு மட்டும்தான் என்று நினைத்தார். அப்போது தனபால் தலையைச் சாய்த்தார்.

“எங்க ஆஸ்பத்திரியில கேக்கற சத்தமாட்ட இருக்குதுங்களே சம்பந்தி?”

ஒரு வார்த்தை போதும். தனபாலுக்குத் தெரியும் என்ன செய்வதென்று. இந்தச் சபையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“நர்மதாவோட போனுங்க,” என்றார் மருதாசலம்.

“போனுக்கும் நெஞ்சுவலி வந்துருச்சாட்ட இருக்குது,” என்றார் தனபால். எல்லோரும் சிரித்தார்கள்.

சத்தம் வேகமெடுத்தது. இன்னும் வேகம். இடைவெளியே இல்லை. கம்பளி கீழே விழும் ஓசை. கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது.

பிறகு ஒன்றுமில்லை.

முதுகு வளையாமல் எழுந்தார். வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். வியர்வையில் வழுக்கியது.

“சம்பந்தியம்மா எங்கீங்க?” என்றாள் மாப்பிள்ளையின் தாய் சரிதா. “சோடியா நின்னுதானுங்களே மாத்தோணும்.”

“இப்ப வாராளுங்க.”

தட்டோடு நின்றார். சபையே சிரித்த முகமாக அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக் காத்திருந்தது.