காற்று விழுந்த நாள்

காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பது எங்கள் கரையில் இன்னும் போகாத பழக்கம். பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. மேகம் கடலுக்குள்ளேயே பிடிபட்டுவிடும். தொடுவானத்தில் வரிசையாக நிற்கிற மேகவலைகள் அதை உறிஞ்சி, குழாய் வழியாக மலைக்கு அந்தப் பக்கத்து அணைகளுக்கு அனுப்பிவிடும். வீட்டுக்கு வீடு தண்ணீர் வருகிறது, பொய் சொல்லக்கூடாது. மழைதான் கிடையாது. இருபத்தாறு வருடமாக ஒரு தூறல் இல்லை.

ஆனாலும் ஆனி மாதம் பிறந்தால் மணல்துறைக்கு ஊரூராக ஆட்கள் மழைக்கோட்டோடு வந்து இறங்குவார்கள். அங்கேதான் மழைக்கூடம் இருக்கிறது. பழைய கடற்கரைக்கு அரை மைல் நீளத்தில் கண்ணாடிக் கூரை போட்டு, கடலையும் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்திருக்கிறார்கள். பழைய நாள் ஒன்றைச் சொன்னால், அந்த நாளின் வானப்பதிவை எடுத்து, அன்றைக்குப் பெய்த மழையை அதே சாய்வில் பெய்ய வைப்பார்கள். காற்றும் அலையும் கூட வரும். கல்யாண நாள் மழையைக் கேட்டு வாங்கி நனைகிற கிழட்டு ஜோடிகள் உண்டு.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செத்த மழையை எவனால் எழுப்ப முடியும்? அக்கா கூப்பிட்டாள், போனேன்.

அக்கா எமரென்சிக்கு எண்பத்திரண்டு வயது. நாற்பத்தொரு வருடமாக என்னோடு பேசாதவள். அவள் புருஷன் மத்தியாஸ் அத்தான் ஓர் ஆனி மாதக் காலையில் வள்ளத்தைத் தள்ள நின்றவர், "என்னலே ததேயு, போகலாமா?" என்று கேட்டார். நான் மேட்டில் நின்று பார்த்து, "காத்து விழுந்துட்டு, போங்க" என்றேன். போனவர் வரவில்லை. காற்று விழவே இல்லை, இவன் குடித்துவிட்டு உளறினான் என்று ஊர் சொன்னது. அக்காவும் அதைத்தான் நம்பினாள். போன வாரம் என் வாசலில் வந்து நின்றாள்.

"நீ சொன்னது மெய்யாண்ணு எனக்குப் பாக்கணும்லே. சாவதுக்கு முன்ன."

"பொய்யாட்டு இருந்தா?"

"என் அடக்கத்துக்கு நீ வரப்பிடாது."

கூடத்து வாசலில் சீட்டு போடுகிற பெண் ஆதிரை, சேலத்துப் பக்கம். எந்தத் தேதி என்று கேட்டாள்.

"இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு மறுநாள்" என்றேன்.

"அப்படி ஒரு தேதி இதுல வராதுங்க பெரியவரே."

அக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஜூன் முப்பது" என்று சொல்லி, வருடத்தைத் தானே அழுத்தினாள்.

"எந்த நேரங்க?"

"காத்து விழுறதுக்குக் கொஞ்சம் முன்ன" என்றேன்.

"ஐயோ, காத்து விழுந்தா கூரை தாங்குமாங்க?"

"மழை விழுந்தா பெய்யுதுண்ணு அர்த்தம். காத்து விழுந்தா நின்னுட்டுண்ணு அர்த்தம். இது தெரியாமயா காத்துக்கடை வச்சிருக்க?"

அவள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்காமல் நேரத்தைச் சொன்னாள்.

உள்வாசலுக்கு மேலே எழுத்து ஓடுகிற பலகை ஒன்று. நான் மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். நிற்கிற எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். ஓடுகிற எழுத்தைப் பிடிக்க என்னால் ஆகாது. அக்கா அண்ணாந்து பார்த்தாள். ஒரு தடவை ஓடி முடிந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னவாம்?"

"செருப்பக் கழத்தணுமாம். கழத்துலே."

முதலில் வாசம் வந்தது. நனைந்த மணலும் பாசியும் கலந்த வாசம். பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து கிளம்பி, மழையைச் சாய்த்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு என் இடது காதில் அடித்த சாரல் அதே காதில் அடித்தது. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. எல்லாம் கஞ்சித்தண்ணி நிறத்தில் ஒன்றாய்க் கிடந்தது. அதற்குள் ஒரு வள்ளம் நிற்பது போலவும், பக்கத்தில் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்ப்பது போலவும் இருந்தது. எனக்கு மறுபடியும் முப்பத்தாறு வயது. வாய் திறந்தால் மறுபடியும் "போங்க" என்று சொல்லிவிடுவேன் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மழை நிமிர்ந்தது. சாய்ந்து வந்தது மெல்ல நேராகி, நூல் விட்ட மாதிரி செங்குத்தாக இறங்கியது. அக்காவின் முந்தானை படபடப்பதை நிறுத்திவிட்டு அவள் முழங்காலில் ஒட்டியது.

"விழுந்துட்டுலே" என்றாள். ஈரக் கையை என் தலைமேல் வைத்தாள். "நீ மெய்தான் சொல்லிருக்க."

நான் மூக்கு ஒழுக அழுதேன். வெட்கப்படவில்லை.

கொடுத்த நேரம் முடிகிறவரை நின்றோம். காற்று திரும்ப எழும்பவே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. அக்காவை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி ஆதிரையிடம் போனேன்.

"அன்னைக்கு அரை மணிக்கூறுல காத்து திரும்ப எழும்பிச்சு. ஆளையே கொண்டு போச்சு. இங்க ஏன் எழும்பல்ல?"

"இங்க எல்லா நாளும் காத்து விழும் பெரியவரே" என்றாள், நான் கொடுத்த சொல்லையே எடுத்து. "பலமா அடிச்ச நேரத்தையெல்லாம் வெட்டிட்டுத்தான் ஓட்டுறோம். கூரையும் ஆளும் தாங்கணுமில்ல?"

"அப்போ இப்ப விழுந்தது மெய்யா, வெட்டா?"

"அது எனக்கே தெரியாதுங்க. வெட்டுறோம்னுதான் போர்டுல ஓடிக்கிட்டே இருக்கே, பார்க்கலையா?"

"போர்டுல செருப்பப் பத்தி என்ன போட்டிருக்கு?"

"செருப்பா? அதைப் பத்தி ஒண்ணும் இல்லையே. செருப்போடயே போகலாமே."

பஸ்ஸில் அக்கா தலை துவட்டாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே காய்ந்த வெயில். தூரத்தில் மேகவலைகள் மின்னிக்கொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த போர்ட வாசிச்சியா?"

"எங்க வாசிக்க? கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்லே."

கண்ணாடி அவள் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வில்லையிலும் மழை இன்னும் காயவில்லை.